ஹாரிகன் ஓடைப் பாலமும் சங்கத் தலைவரும்

குன்யாரா ரயில் மீட்புச் சங்கத்தின் தலைவர் நான்தான். சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே நான்தான். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் ஒவ்வொரு வருடமும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறேன். இதை என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கத்தில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். பெயரை எடுத்தால் கூட்டம் நடத்த ஆள் கணக்கு போதாது என்பதால் அப்படியே வைத்திருக்கிறோம். உயிரோடு இருப்பவர்களைவிட அவர்கள் நல்ல உறுப்பினர்கள். குறுக்கே பேசுவதில்லை, கேக் சரியில்லை என்று சொல்வதில்லை.

என் பெயர் ஆல்வின் நோஸ்கி. கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்தவன். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த கிளை ரயில் நின்றது. ரயில் நின்றதும் கிடங்கை மூடினார்கள். கிடங்கை மூடியதும் நான் வீட்டில் சும்மா உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் தலைவரானேன். வேறு எந்த வேலையும் இல்லாதவனுக்கு அந்தப் பதவி கச்சிதமாகப் பொருந்தியது.

ரயிலை மூடிவிட்டோம் என்று அரசாங்கம் ஒருநாளும் சொல்லவில்லை. ‘சேவை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்றுதான் சொன்னார்கள். அந்தத் ‘தற்காலிகமாக’வைப் பிடித்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தேன். கைவலி கூட வரவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

ஊருக்கு வெளியே ஹாரிகன் ஓடைமேல் எங்கள் பாலம் நிற்கிறது. முழு முழு யூகலிப்டஸ் மரங்களை ஓடையில் நட்டு, குறுக்கே கட்டைகளைப் பிணைத்து, மேலே தண்டவாளம் போட்ட நீளமான மரப்பாலம். கீழே வருடத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீர் இருக்காது, செம்மறியாடுகள் இருக்கும். மேலே கொரெல்லாக்கள், அந்த வெள்ளைக் கிளிகள், கூட்டமாக வந்து உட்கார்ந்து கட்டைகளைக் கொறிக்கும். பாலத்தைக் காப்பதற்கு எங்கள் சங்கம் காட்டிய சுறுசுறுப்பைவிட, தின்று தீர்ப்பதற்கு அவை காட்டியது அதிகம்.

அதற்காக நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமைதோறும் தண்டவாளத்தின் நடுவே புல் வெட்டினோம். நடைமேடை ஓரத்துக்கு வெள்ளை அடித்தோம். தண்டவாளம் மாற்றுகிற நெம்புகோலுக்கு எண்ணெய் போட்டோம். எங்கள் சங்கத்தின் உயிர்நாடி எர்ரல் பென்ஹேல். அந்தக் கிளைப் பாதையின் கடைசி கார்டு அவன்தான். இன்றைக்கும் சனிக்கிழமை என்றால் கார்டு தொப்பியோடுதான் வருவான். மண்வெட்டியைக்கூட தொப்பியோடுதான் பிடிப்பான். ரயில் வரும் என்று ஊரிலேயே என்னைவிட உறுதியாக நம்புகிறவன் அவன்தான் என்பது என் எண்ணம். அவன் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே நான் பல விஷயங்களை வெளியே சொல்லாமல் இருந்தேன். உதாரணமாக, எனக்கு ரயிலில் ஏறினால் குமட்டும்.

சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் ‘நின்று பார்த்துப் போகவும்’ என்று ஒரு பலகை இருக்கிறது. குன்யாராவில் எல்லாரும் நிற்பார்கள். வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆடு ஏற்றிய லாரி நிற்கும். பாதிரியார் நிற்பார். எங்கள் உறுப்பினர் வால்டா ஸ்வார் இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டபோது ஆம்புலன்ஸும் நின்றது. உள்ளே படுத்திருந்தவள், “நின்னுதானே போறீங்க?” என்று கேட்டாளாம். வெளியூர்க்காரன் எவனாவது பின்னால் நின்று ஹாரன் அடித்தால் நான் இறங்கிப் போய் அவனுக்குச் சட்டம் சொல்வேன். ஊருக்கே நான் கொடுத்த ஒழுக்கம் இது என்று எனக்கு ஒரு கர்வம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு சைக்கிள்காரர்கள் வந்தார்கள்.

அதாவது, வரப்போகிறார்கள் என்று சொன்னார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்தத் தடத்தில் சரளை கொட்டி, பாலத்தைச் செப்பனிட்டு மேலே பலகை அடித்து, சைக்கிள் பாதை போடுவதாக அரசாங்கத்தில் ஒரு திட்டம். மெல்பர்னிலிருந்து சைக்கிளோடு ஜனம் வரும், தங்கும், சாப்பிடும். திட்டம் வேண்டாம் என்றால் பாலம் ஆபத்தானது என்று இடித்துத் தள்ளிவிடுவார்கள். ஊரே வேண்டும் என்றது. ஒரே ஒரு ஆட்சேபம் பதிவாகியிருந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் என் மகள் ரெனே மாட்டிக்கொண்டதுதான் விஷயம். பெரிய வீதியில் பழைய கசாப்புக் கடையை வாங்கி அவள் ஒரு பேக்கரி வைத்திருக்கிறாள். அவள் போடுகிற வெனிலா ஸ்லைஸ், மேலும் கீழும் மொறுமொறுவென்று, நடுவில் மஞ்சள் கஸ்டர்ட் செங்கல் கனத்துக்கு நிற்கும். அப்பா என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஒன்றை நான் எங்கும் தின்றதில்லை. ஆனால் ஊரில் தின்ன ஆள் வேண்டுமே. புறவழிச்சாலை போட்ட பிறகு லாரிகள்கூட ஊருக்குள் வருவதில்லை. அவள் கணவன் டேரனுக்கு ஜீலாங் நகரத்தில் ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. சைக்கிள் பாதை வந்தால் கடை பிழைக்கும், இருப்பார்கள். வராவிட்டால் ஈஸ்டரோடு கடையை மூடிவிட்டு, என் பேத்தி டில்லியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நினைவு மண்டபத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன்.

வெளுத்து வாங்கினேன். “தண்டவாளத்தைப் பிடுங்குவது பெற்ற தாயின் முதுகெலும்பைப் பிடுங்குவதற்குச் சமம்” என்று முடித்தேன். அந்த வரியைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவர்கள் கோதுமையைச் சுமப்பார்களா என்றும் கேட்டேன். அந்தக் கால்சட்டையில் இரண்டு கோதுமை மணிக்குக்கூட இடமில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ரெனே பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“அப்பா பேசினதெல்லாம் சரிதான். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ரயில் எப்பப்பா வரும்? ஈஸ்டருக்கு முன்னாடி வந்துடுமா? ஏன்னா அதுக்கப்புறம் வந்தா பாக்க நான் இங்க இருக்க மாட்டேன்.”

உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நானும் உட்கார்ந்தேன்.

வீட்டில் என் மனைவி கிளெனிஸ் ஆட்டுக்கறித் துண்டங்களை வாணலியில் போட்ட சத்தத்திலேயே எனக்கு மாலையின் போக்கு தெரிந்துவிட்டது.

“பெத்த தாயோட முதுகெலும்பாம். உங்கம்மா உசுரோட இருந்தப்ப முதுகு வலிக்குதுன்னு எத்தன தடவ சொன்னாங்க. ஒரு தடவ தைலம் தேச்சு விட்டியா நீ?”

“அது ஒரு உவமை, கிளெனிஸ்.”

“ரெனே அட்டைப்பெட்டி கேட்டா. சாமான் கட்டறதுக்கு. கடையில சொல்லி வெச்சிருக்கேன். அது உவமை இல்ல.”

“என்னை என்னதான் பண்ணச் சொல்ற?”

“ஒண்ணும் பண்ண வேணாம். ஒரே ஒரு தடவ சும்மா இரு. அது உனக்கு வராதுன்னு எனக்குத் தெரியும்.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் வீட்டில் பேச்சு நின்றால்தான் ஆபத்து. மறுநாள் சாயங்காலம் பேக்கரிப் பக்கம் போனேன். சமாதானம் பேசுவதற்காக இல்லை, ஸ்லைஸ் வாங்குவதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். கடையில் யாரும் இல்லை. ரெனே பின்கட்டில் நின்று, விற்காமல் மிஞ்சிய ஸ்லைஸ்களைக் கோழி வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாவட்டத்திலேயே கொழுத்த கோழிகள் அவளுடையவை. ஒவ்வொரு ஸ்லைஸையும் கவிழ்க்குமுன் அதை ஒரு நொடி பார்த்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். என் மகள் போய்விடக் கூடாது. ரயில் வந்தாலும் வராவிட்டாலும் அவள் போய்விடக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றிருப்பான். நான் தலைவர் அல்லவா? அவசரக் கூட்டம் கூட்டினேன்.

“நாம தோக்கல. இது ஒரு வியூகம். பாலம் நிக்கணும்னா சைக்கிள் பாதை வரணும். பாலம் நின்னா நாளைக்கு மறுபடி தண்டவாளம் போட்டுக்கலாம். அடுத்த வாரம் மெல்பர்ன்லேர்ந்து ஒரு இன்ஜினியர் வர்றாங்க. பாதை கைவிடப்பட்டதுன்னு அவங்க எழுதினாத்தான் திட்டம் நடக்கும். அதனால, பாதையப் பாத்தா செத்துப் போன மாதிரி இருக்கணும்.”

எர்ரல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “அதாவது, ரயில் வராதுன்னு நீ வாயத் தொறந்து சொல்ல மாட்ட. புல்லு சொல்லணும்.”

“வியூகம்னு சொன்னேன்ல?”

“சரிப்பா, வியூகம்.”

ஒரு பாதையை உயிரோடு வைத்திருப்பதைவிடச் சாகடிப்பது இவ்வளவு வேலை வாங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. முப்பது வருடம் ‘முளைக்காதே’ என்று சொன்ன புல் ஒரே வாரத்தில் ‘முளை’ என்றால் முளைக்குமா? அதுவும் கோடையில். வயல் ஓரத்தில் உருண்டு கிடந்த காய்ந்த முட்செடிகளை டிரெய்லரில் ஏற்றி வந்து தண்டவாளத்தில் பரப்பினோம். சாயங்காலம் காற்று அடித்தது. எல்லாம் உருண்டு போய் மதுக்கடை வாசலை அடைத்துக்கொண்டன. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை என்று சொன்னார்கள். அவர்கள் அவ்வளவு தீவிரமாக முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை.

நடைமேடை ஓரத்து வெள்ளையைக் கறையாக்கும் பொறுப்பு வால்டாவுக்கு. காபிச் சக்கையைக் கரைத்துப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஓரம் பளிச்சென்று இருக்கிறது.

“திட்டுத்திட்டா இருந்துச்சு ஆல்வின். மனசு கேக்கல. கழுவி, ஒரு கை வெள்ளையும் அடிச்சுட்டேன்.”

நெம்புகோலுக்கு உப்புத்தண்ணீர் ஊற்றித் துருப்பிடிக்க வைக்கச் சொல்லி எர்ரலிடம் சொல்லியிருந்தேன். எண்ணெய் போட்டு வைத்திருந்தான்.

“என்னடா பண்ணி வெச்சிருக்க?”

“உப்புத்தண்ணி ஊத்தினேன்பா. இழுத்துப் பாத்தா கத்துது. அடிபட்ட மனுஷன் மாதிரி கத்துது. அதான்.”

கடைசியாக மதுக்கடையிலும், தேவாலயத்திலும், ஆட்டுச் சந்தையிலும் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். இன்ஜினியர் வருகிற நாளில் ஒருவரும் தண்டவாளத்தருகே வண்டியை நிறுத்தக் கூடாது. விசுக்கென்று போய்விட வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். கோதுமை லாரி ஓட்டுகிற இளைஞன் மட்டும், “நிஜமாவே நிக்க வேணாமா? நீங்களே சொல்றீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டான்.

இன்ஜினியர் பெயர் இமோஜன் டோல்ஹர்ஸ்ட். முப்பது வயதிருக்கும், சுருட்டை முடி, கனமான பூட்ஸ். நான் நினைத்து வைத்திருந்த மாதிரி கண்ணாடியும் கடுகடுப்பும் இல்லை. பின்பக்கம் திறந்த என் யூட் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் இந்தப் பாதை எவ்வளவு பாழாகிவிட்டது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நம்பியவள் மாதிரி தலையாட்டினாள்.

தண்டவாளம் கடக்கிற இடம் வந்தது. என் வாய் பேசிக்கொண்டே இருந்தது. என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. என் கை கண்ணாடியை இறக்கியது. என் தலை வலப்பக்கம் திரும்பி, இடப்பக்கம் திரும்பி, வெளியே நீண்டு, காதைக் கொடுத்தது. முப்பது வருடப் பழக்கம், என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

“எதுக்கு நின்னுட்டோம்?” என்றாள் இமோஜன்.

“ஒண்ணுமில்ல. வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது.”

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கோதுமை லாரி வந்து நின்றது. அதன் பின்னால் பள்ளிக்கூட பஸ். எதிரே பாதிரியார் தன் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பக்தியாக இரண்டு பக்கமும் பார்த்தார். தலைவரே நிற்கும்போது தாங்கள் எப்படிப் போவது என்று நினைத்திருப்பார்கள். லாரிக்கார இளைஞன் தலையை வெளியே நீட்டி, “இதுக்குத்தான் அன்னைக்கே ரெண்டு தடவ கேட்டேன்!” என்று கத்தினான்.

“இந்தப் பாதையில கடைசி ரயில் எப்ப போச்சு ஆல்வின்?”

“கொஞ்ச நாள் ஆச்சு.”

பாலத்துக்குப் போனால் எர்ரல் நிற்கிறான். வீட்டில் இரு என்று சொல்லியிருந்தேன். தொப்பி, கார்டு கோட்டு, கக்கத்தில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். கையில் பித்தளைப் பூண் போட்ட ஒரு மரக்கோல். ஒற்றைத் தடப் பாதையில் ஒரே ஒரு கோல்தான் இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டி மட்டும்தான் போகலாம். எதிரெதிரே இரண்டு வண்டி மோதாமல் இருக்க அந்தக் காலத்து ஏற்பாடு. இப்போது மோதுவதற்கு ஓர் ஆடுகூட இல்லை.

“கோல் இல்லாம பாலத்துல ஏறக் கூடாதும்மா” என்றான் எர்ரல், இமோஜனை மறித்துக்கொண்டு. “இந்தாங்க. அந்தக் கரை வரைக்கும் போயிட்டு வந்து எங்கிட்ட ஒப்படைக்கணும்.”

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன், கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை காட்டினேன். எர்ரல் என்னைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் பச்சைக் கொடியைக் காட்டினான். இமோஜன் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாலத்தில் நடந்தாள். அங்கங்கே குனிந்தாள், கட்டையைத் தட்டிப் பார்த்தாள், ஒரு கம்பியால் குத்திப் பார்த்தாள். கொரெல்லாக்கள் அவளைத் திட்டின.

அவள் திரும்பி வருவதற்குள் ரெனேயும் வந்துவிட்டாள். ஒரு டிரே நிறைய வெனிலா ஸ்லைஸ். இன்ஜினியருக்கு ஊரின் ருசியைக் காட்டலாம் என்று கொண்டுவந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, எப்படிப் போகிறது என்று புருவத்தை உயர்த்தினாள். நன்றாகப் போகிறது என்று தலையாட்டினேன். பொய் சொல்ல எனக்கு வாய்கூட வேண்டாம்.

இமோஜன் கோலை எர்ரலிடம் ஒப்படைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஆல்வின், ரயில் ஓடற பாதைங்களையே நிறையப் பாத்திருக்கேன். இவ்வளவு அருமையா வெச்சிருக்கிற பாதைய நான் பாத்ததே இல்ல.”

“ரொம்ப நன்றி” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“பாலத்துல கோளாறு இருக்கு, ஆனா சரி பண்ணிடலாம். பிரச்சன அது இல்ல. கைவிடப்பட்ட பாதைன்னு நான் எப்படிங்க எழுதறது? தண்டவாளத்துக்கிட்ட ஊரே வண்டிய நிறுத்துது. கார்டு கொடி காட்டறாரு. ரயில் வரும்னு ஊரு நம்பற வரைக்கும் அதப் பிடுங்க எனக்கு அனுமதி இல்ல. ஆட்சேபம் உங்க சங்கத்தோடது, நீங்கதான் தலைவர். அதனால உங்களையே கேக்கறேன். ரயில் வருமா, வராதா?”

நான் தொண்டையைச் செருமினேன். “இது ஓர் ஆழமான கேள்வி. இந்த மண்ணில் முதல் இருப்புப்பாதை போடப்பட்ட காலத்திலிருந்து நாம் பார்த்தால்…”

“அப்பா” என்றாள் ரெனே. அவ்வளவுதான் சொன்னாள்.

நான் எர்ரலைப் பார்த்தேன். தொப்பியும் கொடியுமாக நேராக நிற்கிறான். அவனை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அவன் வாழ்க்கையே அதில்தானே இருக்கிறது? மறுபக்கம் என் மகள். அட்டைப்பெட்டிகள். டில்லி.

“வராது” என்றேன்.

என் வாழ்க்கையிலேயே நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “ரயில் வராதும்மா. இனிமே வரவே வராது. எழுதிக்கோங்க.”

எர்ரல் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவன் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

“அப்பாடா” என்றான். கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “இதச் சொல்ல இத்தன வருஷமாடா உனக்கு?”

“என்னடா சொல்ற?”

“கடைசி வண்டிக்கு யாரு கார்டு? நான்தானே. அன்னைக்கே அந்த வண்டியோட பின்விளக்கக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். திரும்பி வர்ற வண்டின்னா யாராவது விளக்கக் கழட்ட விடுவானா? ஒருத்தனும் ஏன்னு கேக்கல. அன்னைக்கே தெரியும் எனக்கு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “தெரிஞ்சுமா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து புல்லு வெட்டின? என்னைப் பைத்தியக்காரன்னு நெனச்சியா? எதுக்குடா வெட்டின?”

எர்ரல் ரெனேயைப் பார்த்தான். சொல்லுங்கள் என்பதுபோல் அவள் மெல்லத் தலையசைத்தாள்.

“கிடங்க மூடினப்ப நீ எப்படி இருந்தன்னு உனக்கு ஞாபகம் இருக்காது” என்றான். “சட்ட மாத்தல. சாப்பிடல. சமையல்கட்டுல உக்காந்து செவுத்தயே பாத்துட்டு இருந்த. ஒருநாள் கிளெனிஸ் என் வீட்டுக்கு வந்தா. முயல் சுடற உன் துப்பாக்கிய எங்கிட்ட குடுத்து, இது என் வீட்டுல இருக்க வேணாம் எர்ரல், நீயே வெச்சுக்கன்னு அழுதா. எதுக்காவது நீ எழுந்து வருவியான்னு நானும் அவளும் என்னென்னமோ பேசிப் பாத்தோம். ரயில்னு சொன்னா மட்டும் உனக்குக் கோவம் வந்துச்சு. கோவம் வந்தா எழுந்து நிக்கிற. அதான் சங்கம் வெச்சோம்.”

துப்பாக்கி திருடுபோய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்காகப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

“அப்ப ஊருக்கே…”

“தண்டவாளத்துக்கிட்ட எல்லாரும் நிக்கிறாங்களே, எதுக்குன்னு நெனச்ச? ரயிலுக்கா?”

நான் ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்தேன். முப்பது வருடமாக ஊரை நான் தூக்கிச் சுமப்பதாக நினைத்திருந்தேன். ஊர்தான் என்னைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது, நான் பாரம் தாங்காமல் முனகுவதைப் பொறுமையாகக் கேட்டபடி. அவமானத்தில் காது சுட்டது. இவ்வளவு அன்புக்கு நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நீளமாகப் பேசியதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“உனக்கும் தெரியுமா?” என்று ரெனேயைக் கேட்டேன்.

“அப்ப எனக்கு ஏழு வயசுப்பா. கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறப்ப அம்மா சொல்லித்தான் கூட்டிட்டுப் போவாங்க. அப்பா பேசி முடிச்சதும் நல்லா சத்தமா கைதட்டணும், நிறுத்தவே கூடாதுன்னு. நீங்க என்ன பேசறீங்கன்னு ஒண்ணும் புரியாது. கை செவந்து போற வரைக்கும் தட்டுவேன். நீங்க நின்னுட்டு இருக்கீங்க, அது போதும் எனக்கு.”

இமோஜன் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு கொரெல்லாக்களை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள்.

“இன்னைக்குப் பேசினீங்களே ஒரு வார்த்தை” என்றாள் ரெனே. அவளுக்குக் கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, சிரிப்பும் வந்தது. “யாரும் சொல்லாமலே தட்டணும்னு இருக்குப்பா. பாருங்க, கை ஒழியல.”

நான் எழுந்து போய் அவள் கையிலிருந்து டிரேயை வாங்கிக்கொண்டேன். கை ஒழிந்ததும் அவள் தட்டவில்லை. இரண்டு கையாலும் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூக்கை என் தோளில் துடைத்துவிட்டு, “சாயுது பாருங்க, நேரா புடிங்கப்பா” என்றாள்.